ஆட்கள் இல்லாத பக்கம்

இஞ்சாருங்கோ,

நான்தான். இந்த ஒரு சொல்லுக்கு, நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். இங்கே இத்தாலியில், பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் எங்கள் சனத்தில் யாராவது ஒருத்தி தன் மனிசனை இப்படிக் கூப்பிட்டால், கூப்பிட்டவளை விட்டுவிட்டு நான் சுற்றிவரப் பார்ப்பேன். நீங்களும் எங்கேயாவது திரும்பியிருப்பீர்களோ என்றுதான்.

விளக்கு வைக்கும்போது உங்கள் படத்துக்கு முன்னால் நின்று எல்லாம் சொல்கிறேன்தான். உங்கள் மகள் கௌரியின் முழங்கால் நோவு, மருமகனுக்குச் சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் வேலை கூடினது, கீழ் வீட்டுக்காரியின் நாய் செத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தைக் கனகாலமாக உங்களுக்கு மறைத்துக்கொண்டு திரிந்தேன். படத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிறார்களே என்று முதலில் சிரித்தேன். பிறகு, வாயால் வராதது கையால் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களும் வாசிக்கட்டும்.

விஷயம் இதுதான். உங்கள் பேத்தி ஆரணி பிளேன் செய்கிறாள். அந்தப் பிளேனில் உங்கள் பேரை எழுதவேண்டும் என்று கேட்டாள். நான் முடியாது என்றேன்.

கோபப்படாமல் முழுக்கக் கேளுங்கள்.

நீங்கள் காணாத பேத்தி அவள். நீங்கள் போன அன்றைக்குக் கௌரியின் வயிற்றில் இருந்தவள். இப்போது பதினாறு. உங்களைப் போலத்தான், ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அதைக் கழற்றிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள். என் பழைய றேடியோவைக் கழற்றினாள், பூட்டினாள். தையல் மெஷினைக் கழற்றினாள், பூட்டினாள். ஒரு ஆணி மிச்சம் வந்தது. அது இல்லாமலே மெஷின் முன்னையைவிட நன்றாக ஓடுகிறது.

பிளேன் என்றால் கடையில் வாங்கும் விளையாட்டுச் சாமான் இல்லை. பாரமில்லாத மெல்லிய பலகையை மீன்முள் மாதிரி ஒவ்வொன்றாக வெட்டி, ஒட்டி, மேலே தாள்போல ஒன்றை இழுத்து மூடிச் செய்தது. செட்டையை விரித்தால் நான் இரண்டு கையும் நீட்டிய அகலம். உள்ளே மோட்டார், பற்றரி. தரையில் நின்று றிமோட்டால் ஓட்டவேண்டும். அதைச் செய்ய எங்கள் வீட்டில் வேறு இடம் ஏது? சமையலறை மேசைதான். ஒரு பக்கம் நான் தேங்காய் துருவ, மற்றப் பக்கம் அவள் பலகை தேய்ப்பாள். மருமகன் ஒருநாள் சம்பலைச் சாப்பிட்டுவிட்டு, “மாமி, தேங்காய் கொஞ்சம் மரமாய் இருக்கு” என்றார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மோட்டாரைப் பூட்டி ஓட்டிப் பார்த்தாள்.

உங்களுக்கு வண்டை ஞாபகம் இருக்கும். ஆளில்லாமல் வந்து வேவு பார்த்துவிட்டுப் போகுமே, அதற்கு எங்கள் சனம் வைத்த பேர். அது தலைக்கு மேலே ரீங்காரமாய்ச் சுற்றிப் போனால், பின்னால் கிபிர்ப் பிளேன் வரும். குண்டோடு வரும். அந்த வண்டின் சத்தம், என் சமையலறையில், என் மேசைக்கு மேலே. எனக்கு எதுவும் தெரியாது. நினைவு வரும்போது நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.

ஆரணி குனிந்து பார்த்தாள். “என்ன அம்மம்மா தேடுறியள்?”

“கரண்டி விழுந்திட்டுது” என்றேன்.

அவளும் கூடக் குனிந்து தேடினாள், பாவம். கரண்டி அடுப்பில் இருந்தது.

அன்றிரவு கௌரி என் பக்கத்தில் வந்து படுத்தாள். கரண்டிக் கதையைக் கேட்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. “பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ அம்மா. அம்மப்பா சண்டையிலை செத்தவர் எண்டு தெரியும். பிளேனாலை எண்டு தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்” என்றாள். நானும் சரி என்றேன். அதற்குப் பிறகு மோட்டார் ஓட்டும் நேரமெல்லாம் சந்தைக்கு இறங்கிப் போவேன். மீன்காரர்கள் கத்துகிற கத்தில் கிபிர் வந்தாலும் கேட்காது. வீட்டில் கத்தரிக்காய் குவிந்தது.

பிளேனைச் செய்து முடித்ததும்தான் பேரைப் பற்றிக் கேட்டாள். இந்த ஊரில் தங்கள் கையால் பிளேன் செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டாம். செத்துப்போன அம்மா, மனைவி, கூட்டாளி என்று விருப்பமான ஒருவரின் பேரை அதன் பக்கத்தில் எழுதுவார்களாம். “அம்மப்பான்ரை பேரை எழுதட்டோ? தமிழிலை. நீங்கள் எழுதித் தந்தால் நான் பாத்து எழுதுவன்” என்றாள். எழுத்து வரும் இடத்தில் பென்சிலால் இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தாள்.

“வேண்டாம்” என்றேன்.

“ஏன்?”

“வேண்டாம் எண்டால் வேண்டாம்.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பென்சில் கோட்டை அழிக்கவும் இல்லை. நான் என்ன செய்ய? பிளேனால் போன மனிசனின் பேரைப் பிளேனில் எழுதுவதா? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று படத்தைப் பார்த்துப் பார்த்து நினைத்தேன். சிரித்தபடி இருக்கும் படத்தைத் தெரிந்தெடுத்தது என் பிழை. எது கேட்டாலும் சிரிக்கிறீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கூட்டம். பலெர்மோவைத் தாண்டி, மலைகளுக்குப் பின்னால், வெட்டி முடிந்த கோதுமை வயல்களுக்கு நடுவே புல்லில் ஒரு ஓடுபாதை. வீட்டிலும் கராஜிலும் சொந்தமாகப் பிளேன் செய்தவர்கள் வருஷத்தில் ஒருநாள் அங்கே கூடுவார்களாம். பெரிய பிளேன் செய்தவர்கள் பறப்பார்கள். நடுவில் கொஞ்ச நேரம், சின்னப் பிளேன் செய்த பிள்ளைகளுக்கு. பதினெட்டு ஆகாத பிள்ளையோடு பெரிய ஆள் ஒருவர் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கௌரி சம்பளத்துக்குப் பராமரிக்கும் இத்தாலிக் கிழவிக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் இல்லை. மருமகனுக்கு மத்தியானச் சமையல். மிச்சம் யார்?

ஆரணி என்னிடம் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. “பரவாயில்லை, அடுத்த வருஷம் பாப்பம்” என்று தாயிடம் சொல்லிக்கொண்டு பிளேனைப் பழைய பெட்ஷீற்றால் மூடினாள். பிணத்தை மூடுகிற மாதிரி இருந்தது. “மூடாதை. நான் வாறன்” என்றேன்.

மருமகன் எங்களை விடிய இறக்கிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் போனவுடன் முதல் பார்த்தது என்ன தெரியுமா? பதுங்க ஒரு கான், வாய்க்கால் எங்கே இருக்கிறது என்றுதான். ஓடுபாதைக்கு இந்தப் பக்கம், பைன் மரத்தடியில் தண்ணியில்லாத கான் ஒன்று இருந்தது. ஒரு ஆள் படுக்கலாம். என் கதிரையை அதற்குக் கிட்ட போட்டுக்கொண்டேன். நிழலுக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அங்கே வந்தவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவர் பேக்கரிக்காரர், ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். குழந்தைப்பிள்ளையைக் காட்டுகிற மாதிரி அவரவர் தங்கள் பிளேனைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஆரணிக்குப் பழக்குகிறவர் நீனோ என்று ஒரு வயதான மனிசன். அவருடைய பிளேனில் இரண்டு பேர் இருக்கலாம். பக்கத்தில் கொன்செத்தா என்று சிவப்பில் எழுதியிருந்தது. செத்துப்போன மனைவியாம். “சீவிச்சிருக்கும்போது ஒருநாளும் இதிலை ஏறமாட்டன் எண்டவவாம். இப்ப ஒவ்வொரு நாளும் ஏத்திறாராம்” என்று ஆரணி சொன்னாள். அந்த மனிசன் என் கையைப் பிடித்து அந்தச் செட்டையில் வைத்தார்.

இஞ்சாருங்கோ, அது துணி. இரும்பு இல்லை, துணி. இழுத்துக் கட்டி, தைத்து, மேலே பெயின்ற் அடித்திருந்தது. தையலை விரலால் தொட்டேன். முழம் முழமாய்த் துணியை யாரோ நுணுக்கமாய்த் தைத்திருக்கிறார்கள். பிளேன் என்றால் எங்களுக்கு மேலே போகிற இரும்பு, அதற்குள் முகமில்லாத ஒருவன், அவ்வளவுதானே தெரியும்? கிட்ட நின்று ஒரு பிளேனைத் தொட்டது, விமான நிலையத்தில் ஏறினதைத் தவிர, அதுதான் முதல்.

ஆனாலும் ஒவ்வொன்றும் ஓடத் தொடங்கும்போது கதிரைக் கையை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, கந்தசட்டிக் கவசம் சொன்னேன். பக்கத்தில் இருந்த பேக்கரிக்காரரின் மனைவி நான் நித்திரை என்று நினைத்து என் மடியில் தன் சால்வையைப் போட்டுவிட்டாள்.

இனி நான் செய்த வேலையைக் கேளுங்கள்.

புது வாகனம் எடுத்தால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தானே ஓட்டுவோம்? நீங்கள் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளுக்கே செய்தோம். காலையில் சொன்னபோது ஆரணி மாட்டேன் என்றுவிட்டாள். இந்தச் சில்லு பஞ்சு மாதிரி, நசிகிறது தேசிக்காய் இல்லை, சில்லுத்தான் என்றாள். சரி என்றேன். ஆனால் கோயிலில் வைத்து எடுத்த தேசிக்காய் என் கைப்பையில் இருந்தது. லெமன் மரம் வீதியெல்லாம் காய்க்கிற ஊரில் அந்தச் சின்னத் தேசிக்காய்க்கு வங்காளிக் கடைக்குப் போய் அலைந்தவள் நான். சும்மா திருப்பிக் கொண்டுபோவதா?

பிள்ளைகளை எல்லாம் ஒரு இடத்துக்குக் கூப்பிட்டு விதிமுறை சொன்னார்கள். ஆரணி பிளேனைப் பூட்டி, இரண்டு விரலில் செட்டையைத் தாங்கி நேராய் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, “ஒருத்தரையும் தொடவிடாதேங்கோ அம்மம்மா” என்று என்னிடம் காவல் கொடுத்துவிட்டுப் போனாள். மற்ற ஒருத்தரையும் நான் தொடவிடவில்லை.

வாலுக்குக் கிட்ட அடிப்பக்கத்தில் சின்ன மூடி ஒன்று, ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது. மெதுவாய்க் கிளப்பி, தேசிக்காயைத் திருநீற்றுப் பொட்டலத்தோடு துணியில் சுற்றி, உள்ளே தள்ளி, திரும்ப ஒட்டிவிட்டேன். வாலில் வைத்ததற்குக் காரணம் நீங்கள்தான். பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும்போது, பட்டம் ஆடினால், குத்தினால், என்ன செய்வீர்கள்? “வாலுக்குப் பாரம் காணாது” என்று என் பழைய சேலைத் துண்டைக் கிழித்து வாலில் கட்டுவீர்கள். பட்டம் அடங்கி நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண் எனக்கு. சாமியின் காவலும் ஆச்சு, வாலுக்குப் பாரமும் ஆச்சு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆரணியின் முறை வந்தது. ஒலிபெருக்கியில் அவள் பேரைச் சொன்னார்கள். மோட்டார் உறுமியது. அதே வண்டு. நான் இந்த முறை கண்ணை மூடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். புல்லில் ஓடியது. எழும்பியது. எழும்பினது எழும்பினபடியே மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. படிக்கட்டில் ஏறுகிற மாதிரி. அங்கே போய் அப்படியே நின்றது. பிறகு ஒரு செட்டை சரிந்தது. விழுந்து, எழும்பி, திரும்பவும் மூக்கைத் தூக்கி, இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, எங்கள் பக்கம் திரும்பியது.

எங்கள் பக்கம் திரும்பினதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

கானுக்குள் கிடந்தேன். முகம் நிலத்தில், கை இரண்டும் தலையில், வாயைத் திறந்தபடி. வாயை மூடினால் காது வெடிக்கும் என்று நீங்கள் எங்களுக்குப் படிப்பித்தபடி. ஆட்கள் ஓடி வந்தார்கள். மயங்கிவிட்டேன் என்று நினைத்துத் தண்ணி தெளித்தார்கள், காற்று வீசினார்கள். பேக்கரிக்காரரின் மனைவி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு தன் பாஷையில் மாதாவைக் கூப்பிட்டாள். வெடிச்சத்தம் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் புதினமாக இருந்தது. சத்தம் வந்தது, திரும்பியது, விழுந்தது, ஆனால் ஒன்றும் வெடிக்கவில்லை.

பிளேன் ஓடுபாதைக்கு அங்காலே, சரிவில் இருந்த முட்பற்றைக்குள் விழுந்திருந்தது. ஆரணி போய் எடுத்துக்கொண்டு வந்தாள். கையெல்லாம் முள் கீறி இரத்தம். மூக்கு நசிந்து, ஒரு சில்லு இல்லாமல், வால் பிளந்து. பிளேனை நிலத்தில் வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். தேசிக்காய்க்கு ஒரு கீறல் இல்லை.

“இது என்ன அம்மம்மா?”

“தேசிக்காய்.”

“தேசிக்காய் எண்டு தெரியுது. வாலுக்குள்ளை என்ன செய்தது?”

“உன்ரை அம்மப்பா பட்டம் ஆடினால் வாலிலைதான் பாரம் கட்டுறவர்.”

என்னைத் திட்ட வாயைத் திறந்தாள். இத்தாலிப் பாஷையில் ஏதோ தொடங்கினாள். பிறகு நிறுத்திவிட்டு, புல்லில் இருந்துவிட்டாள். “பட்டத்துக்கு நூல் இருக்கு அம்மம்மா. உதுக்கு நூல் இல்லை. முன்னுக்குத்தான் பாரம் இருக்கவேணும்” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போல.

நீனோ வந்து தேசிக்காயை வாங்கி மணந்து பார்த்தார். தன் பிளேனில் கொன்செத்தாவின் செபமாலை இருக்கிறதாம், பேக்கரிக்காரர் மலைக்கோயிலிலிருந்து ரோசாலியா மாதாவின் படம் கொண்டுவந்து வைத்திருக்கிறாராம். சாமி இல்லாமல் இங்கே ஒருத்தரும் பறக்கிறதில்லையாம். “ஆனா சாமியை முன் சீற்றிலை வைக்கவேணுமாம், நோன்னாவுக்கு, அதுதான் அம்மம்மாவுக்கு, சொல்லு எண்டுறார்” என்று ஆரணி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இல்லை, என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு வித்தியாசம் தெரியும்.

பிறகு ஒரு மேசையைப் போட்டு, பல் வைத்தியர் தன் பசையைக் கொண்டுவர, பஸ்காரர் பலகைத் துண்டு கொண்டுவர, எல்லோருமாய் ஒட்டத் தொடங்கினார்கள். நான் ஆரணியின் கையில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு முள். எனக்கு ஒரு கேள்வி கிடந்தது.

“உந்தப் புல்லிலையே இறக்கியிருக்கலாமே பிள்ளை? மெத்தை மாதிரிக் கிடக்குது. பிளேன் உடைஞ்சிருக்காது.”

“இறக்கியிருக்கலாம். புல்லுக்குக் கிட்ட ஆக்கள் நிண்டவை.”

“எட்டத்தானே நிண்டவை?”

“எட்டமெண்டாலும் ஆக்கள்தானே அம்மம்மா. கைக்குள்ளை நிக்காட்டி, ஆக்கள் இல்லாத பக்கம் பாத்துத் திருப்பி விழுத்திவிடவேணும். பிளேன் போனால் போகட்டும். முதல் நாளே படிப்பிக்கிறது அதுதான்.”

சும்மா சொன்னாள். கையை நீட்டிக்கொண்டு, முள் நோகிற முகத்தோடு, பெரிய விஷயம் இல்லாத மாதிரிச் சொன்னாள். நான் ஊசியை வைத்துவிட்டேன்.

முதல் நாளே படிப்பிக்கிறது அதுதானாம். எல்லோருக்கும் அதைத்தான் படிப்பிக்கிறார்களா? அப்படியென்றால் எங்கள் தலைக்கு மேலே வந்தவர்களுக்கு முதல் நாள் என்ன படிப்பித்தார்கள்? நான் யாரிடம் போய்க் கேட்க? ஆனால் ஒன்று விளங்கியது. நான் கானுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்த அந்த நேரத்தில், எங்கள் பக்கம் வந்த பிளேனை ஒருத்தி திருப்பியிருக்கிறாள். எத்தனை மாதம் செய்த தன் பிளேனை முள்ளுக்குள் விட்டிருக்கிறாள். அதை நான் பார்க்கவில்லை. நீங்கள் என்றால் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் பார்க்கிற ஆள்தானே. எங்களை எல்லாம் பங்கர்க் குழிக்குள் தள்ளிவிட்டு வாசலில் நிற்பீர்கள். “எந்தப் பக்கம் திரும்புது எண்டு பாத்துச் சொல்ல ஒருத்தர் வேணுமடியப்பா” என்பீர்கள். அண்ணாந்து பார்த்து, அங்காலே திரும்புது, பயமில்லை என்று உள்ளே சொல்வீர்கள். பக்கத்துப் பங்கருக்கும் கேட்கக் கத்துவீர்கள். அன்றைக்கும் அப்படித்தான் நின்றீர்கள். இங்காலே திரும்புது என்றீர்கள். அதுதான் கடைசி.

இதை நான் அந்தப் புல்லில் இருந்துகொண்டு ஆரணிக்குச் சொன்னேன். கௌரிக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் சொன்னேன். வண்டைச் சொன்னேன், மேசைக்குக் கீழே கரண்டி தேடினதைச் சொன்னேன், உங்களைச் சொன்னேன். பெரிய கதையாய் இல்லை. முள் எடுத்து முடிகிற நேரம்தான். அவள் ஒட்டிக் காயவைத்திருந்த பிளேனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பையில் இருந்து அழிறப்பரை எடுத்தாள்.

“நான் யோசிக்கேல்லை அம்மம்மா. கோட்டை அழிச்சுவிடுறன். அம்மப்பான்ரை பேர் வேண்டாம்” என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

“அழியாதை. பேனையைத் தா.”

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். நீனோதான் பெயின்ற் பேனை ஒன்றைத் திறந்து என் கையில் தந்தார். நான் எழுதினேன். முழங்காலில் நின்று, அவள் போட்ட இரண்டு கோட்டுக்கும் நடுவில், ஐந்தாம் வகுப்பில் எழுதின மாதிரி ஒவ்வொரு எழுத்தாய். கடைசி எழுத்துக் கொஞ்சம் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஆரணி, அது நல்லாயிருக்கு, தொடவேண்டாம் என்றாள்.

ஒலிபெருக்கியில் பேசுகிற மனிசன் மைக்கோடு வந்தார். பேர் எழுதின ஒவ்வொரு பிளேனுக்கும் அதன் பேரைச் சொல்லித்தான் ஏற்றுகிறார்கள். இதை எப்படி வாசிப்பது என்று கேட்டார். ஆரணி சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

உங்களுக்குத் தெரியும், உங்கள் பேரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. கலியாணம் செய்த நாளில் இருந்து, உங்கள் சாவு வீட்டிலும்கூட, இஞ்சாருங்கோ என்றுதான் குழறினேன். வதிவிடப் பெர்மெஸ்ஸோவுக்குக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் புருஷன் பேர் என்ன என்று கேட்டபோது நான் கௌரியைப் பார்த்தேன். அந்த அதிகாரி, பாவம், கிழவி மறந்துபோய்விட்டாள் என்று நினைத்துக் கதிரை தந்தார். நான் மறக்கவில்லை. சொன்னால் உங்கள் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லித் தந்தது. குறைய இனி என்ன இருக்கிறது? ஆனாலும் வாய்க்குப் பழக்கம் இல்லை.

சொன்னேன். மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதற்குள்ளேயே சொன்னேன். அந்தப் புல்வெளி முழுக்கக் கேட்டது. மலையில் பட்டுத் திரும்பியும் வந்தது. என் குரலில் உங்கள் பேர் எப்படி இருக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அதை இங்கே எழுதவில்லை. ஒருமுறை போதும்.

ஆரணி தேசிக்காயை என் கையில் வைத்து, “இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. கையிலையே இருக்கட்டும்” என்றாள். பிளேன் ஓடியது, எழும்பியது, இந்த முறை நேராய்ப் போனது. ஒட்டுப் போட்ட மூக்கோடு, ஒரு பக்கம் வேறு நிறச் சில்லோடு. பேக்கரிக்காரரின் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள், நான் திரும்பவும் கானுக்குள் குதிப்பேன் என்று. நான் குதிக்கவில்லை. வண்டுச் சத்தம் வண்டுச் சத்தம்தான். பயம் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து நோகப் பார்த்தேன். வெயிலில் செட்டை மினுங்கியது. உங்கள் பேர் ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது. எங்கே திரும்புகிறது என்று பார்த்தேன். வயல் பக்கம், ஒருவரும் இல்லாத பக்கம் திரும்பியது. பிறகு வந்து புல்லில் இறங்கியது.

வீட்டுக்கு வந்து கௌரியிடம் எல்லாம் சொன்னேன். வாக்கை மீறினதற்கு ஏசுவாள் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழும்பிப் போய், பெட்ஷீற்றைக் கழற்றி, பிளேனில் இருந்த தகப்பன் பேரைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு வந்து படுத்தாள்.

பிளேன் இப்போது சமையலறையில் உங்கள் படத்துக்கு மேலே தொங்குகிறது. சாம்பிராணிப் புகை அதன் செட்டையில் படுகிறது. ஆரணிக்கு அது விருப்பமில்லை, தாள் மஞ்சளாகிவிடுமாம். தேசிக்காய் உங்கள் முன்னால் இருக்கிறது. காயத் தொடங்கிவிட்டது, எறிய மனம் வரவில்லை. நான் செய்ததும் எழுதினதும் பிழையென்றால் கனவில் வந்து சொல்லுங்கள். வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

அடுத்த வருஷமும் போவோம். நான் ஒன்று சொல்லுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தேசிக்காய் என் கையை விட்டுப் போகாது. கதிரையைக் கானுக்குக் கிட்டத்தான் போடுவேன், அது என்னால் மாற்ற முடியாது. ஆனால் உங்கள் பேர் மேலே இருக்கும் மட்டும் முகத்தைப் புதைக்கமாட்டேன். இவ்வளவு நாளும் நீங்கள் வாசலில் நின்று பார்த்துச் சொன்னீர்கள். இனி நீங்கள் உள்ளே இருங்கள். நான் நின்று, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் பேரை ஒருமுறை சொன்னவள்,
கௌரியின் அம்மா, ஆரணியின் அம்மம்மா
பலெர்மோ